உடற்பயிற்சியும் முக்குளிப்பும்: எப்போது ஓடலாம், எப்போது ஓடக் கூடாது?

கரைவிளிம்பு எழுதியது:

வணக்கம். பல மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்டுவிடுகிறேன்.

எனக்கு வயது 38. பத்து ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஓடுகிறேன். ஸ்கூபா கற்றுக்கொண்டு இரண்டு ஆண்டுதான் ஆகிறது. இதுவரை 41 முறை நீருக்குள் இறங்கியிருக்கிறேன். சென்ற பயணத்தில் ஒரே நாளில் இரண்டு முக்குளிப்பு. இரண்டாவது 22 மீட்டர். மணிக்கட்டில் கட்டும் முக்குளிப்புக் கணினி காட்டிய வரம்பைத் தாண்டவில்லை. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுதான் மேலே வந்தேன். அன்று காலை ஓட்டம் தவறிப்போயிருந்ததால், கரைக்கு வந்து ஒன்றரை மணி நேரத்தில் 8 கிலோமீட்டர் ஓடினேன். பிறகு தண்டாலும் எடுத்தேன்.

இரவு பத்து மணிக்கு இடது தோளில் வலி தொடங்கியது. இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. அமுக்கினால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் கை வரவில்லை. வலது கையால் சட்டைக் கையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்து உருவினேன். தண்டால் எடுத்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் மதியத்துக்குள் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே மறுபடி நீரில் இறங்கினேன்.

அடுத்த மாதம் ஆறு நாள் பயணம் இருக்கிறது. முக்குளித்த அன்று ஓடாதே என்கிறார் எங்கள் பயிற்றுநர். காரணம் சொல்லவில்லை. கூட வரும் நண்பரோ, ஓடினால் இரத்த ஓட்டம் கூடும், நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும், ஆகவே நல்லதுதான் என்கிறார். யார் சொல்வது சரி?


ஆழிமகள் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் தோள்வலி.

நீரிலிருந்து வந்த சில மணி நேரத்தில், மூட்டுக்கு உள்ளே ஆழமாக, அமுக்கினாலும் மாறாத வலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை அழுத்தநீக்க நோய் (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வருவது) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோளும் முழங்கையும் அதற்குப் பிடித்தமான இடங்கள். நீங்கள் செய்திருக்க வேண்டியது: உடனே பயிற்றுநரை எழுப்பி, தூய ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு, முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் பேசுவது. தண்டால் வலியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் தண்டால் எடுத்ததனாலேயே அது எந்த வலி என்று பிரித்தறியும் வழி அடைபட்டுவிட்டது பாருங்கள். முக்குளித்த அன்று கடும் பயிற்சி வேண்டாம் என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். உடம்பு எச்சரிக்கை கொடுத்தால், அதைப் படிக்கிற நிலையில் உடம்பு இருக்க வேண்டும்.

அந்த வலி வந்த மறுநாளே இறங்கினீர்கள் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. 19 ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கிறேன். வலியைச் சொல்லாமல் மறைத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எல்லாருமே கட்டுமஸ்தானவர்கள். எனக்கா வரும் என்ற எண்ணம்.

பயிற்றுநர் சொன்னது சரி. உங்கள் நண்பர் சொன்னதும் ஓர் இடத்தில் சரி, ஆனால் அந்த இடம் கரை அல்ல. நைட்ரஜனைப் பற்றி மருத்துவர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


நாடிபார்ப்பவர் எழுதியது:

உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் பணியாற்றிய மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீருக்குள் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்தில் கரைந்து திசுக்களுக்குள் போய்ச் சேர்கிறது. எவ்வளவு வேகமாகச் சேரும் என்பதை முடிவுசெய்வது இரத்த ஓட்டம். 1908இல் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன் தன் கூட்டாளிகளோடு ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து இன்று நம் மணிக்கட்டில் இருக்கும் கணினி வரைக்கும் அடிப்படை இதுதான்: இரத்தம் நிறையப் பாயும் திசு சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும்.

ஆகவே ஒரே உடற்பயிற்சி, நேரத்தைப் பொறுத்து நண்பனாகவும் பகைவனாகவும் ஆகிறது.

அடியில் இருக்கும்போது உழைத்தால் தசைகளுக்கு இரத்தம் பெருகும். நைட்ரஜன் கூடுதலாக உள்ளே வரும். நீரோட்டத்தை எதிர்த்து 25 நிமிடம் நீந்தியவரும், பவளத்தின் மேல் அசையாமல் மிதந்து படம் எடுத்தவரும் ஒரே ஆழத்தில், ஒரே நேரம் இருந்தார்கள் என்பதற்காக ஒரே அளவு நைட்ரஜனோடு மேலே வருவதில்லை. கணினிக்கு ஆழமும் நேரமும்தான் தெரியும். உங்கள் தொடை எவ்வளவு உழைத்தது என்பது பெரும்பாலான கணினிகளுக்குத் தெரியாது.

மேலே வரும் கட்டத்தில், அதாவது அந்த 5 மீட்டர் நிறுத்தத்தில், காலை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பது நல்லது. இரத்த ஓட்டம் ஓரளவு இருந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியாக வெளியேறும். உங்கள் நண்பரின் வாதம் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

கரைக்கு வந்த பிறகு கதை மாறிவிடுகிறது. வரம்புக்குள் முக்குளித்தவர்களின் இதயத்தை மீயொலிக் கருவியால் பார்த்தாலும், சிரை இரத்தத்தில் சிறு குமிழிகள் ஓடுவதைப் பல நேரம் காணலாம். எந்த அறிகுறியும் இருக்காது. நுரையீரல் அவற்றை வடிகட்டி வெளியேற்றிவிடும். படுத்திருப்பவரை ஒரு காலை மடக்கி நீட்டச் சொன்னால் போதும், திரையில் ஒரு கொத்துக் குமிழி சரேலென்று கடந்துபோவதைப் பார்க்கலாம். முதன்முறை அதைப் பார்த்த அன்று நான் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். காலை ஒருமுறை மடக்குவதற்கே இப்படி என்றால் 8 கிலோமீட்டர் ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே, கருவில் இருந்த காலத்துச் சிறு வழி முழுவதும் மூடாமல் இருக்கும். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க அது தெரியாது, தொல்லையும் தராது. ஆனால் மூச்சை அடக்கி முக்கிப் பளு தூக்கிவிட்டு மூச்சை விடும் கணத்தில், வலப்பக்க அழுத்தம் உயர்ந்து அந்தக் கதவு திறக்கலாம். சிரையில் இருந்த குமிழி நுரையீரல் வடிகட்டியைத் தாண்டித் தமனிக்குப் போய்விடும். அங்கிருந்து மூளைக்கோ தண்டுவடத்துக்கோ தூரம் அதிகமில்லை. கடும் உழைப்பின்போது நுரையீரலுக்குள்ளேயே சில குறுக்கு வழிகள் திறந்துகொள்வதும் உண்டு.

கரைவிளிம்பு, அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்தது?


கரைவிளிம்பு எழுதியது:

மாலை ஐந்து மணிக்கு நீரிலிருந்து ஏறினேன். பத்து மணிக்கு வலி. ஐந்து மணி நேரம்.

படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.


ஆழிமகள் எழுதியது:

பயணத்துக்கு முன் ஒரு முக்குளிப்பு மருத்துவரைப் பார்த்து இதை அப்படியே சொல்லுங்கள் தம்பி. ஐந்து மணி நேரம், சட்டைக் கை, மறுநாள் மதியம், எல்லாவற்றையும். அவர் அனுமதித்தால் மட்டும் போங்கள்.


கல்தூண் எழுதியது:

நான் பளு தூக்கும் பயிற்சி கொடுப்பவன். ஆறு ஆண்டாக முக்குளிக்கிறேன். மருத்துவரை மதிக்கிறேன். ஆனாலும் இழை போகிற போக்கைப் பார்த்தால், உடற்பயிற்சி செய்பவன் நீருக்குள் போவதே ஆபத்து என்பதுபோல் ஆகிறது. உண்மை அதற்கு நேர்மாறு. நைட்ரஜன் நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். உடம்பில் கொழுப்புக் குறைந்தவனுக்கு நைட்ரஜன் சேமிப்பும் குறைவுதானே? வலுவான உடம்பு பாதுகாப்பான உடம்பு. பளுதூக்கலை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். என் தசை வலுவைப் பார்த்தால் காற்று எனக்கு நீண்ட நேரம் வர வேண்டும். ஆனால் படகில் எல்லாருக்கும் முன்னால் காற்று தீர்ந்து மேலே வருபவன் நான்தான். ஏன்?


ஆழிமகள் எழுதியது:

பளுதூக்கலை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முக்குளிப்பு இல்லாத நாள்களில் தூக்குங்கள். முக்குளிக்கும் வாரத்தில் மட்டும் கம்பிக்கு ஓய்வு கொடுங்கள்.

காற்றுக் கேள்விக்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த இடம். கணக்காகவே பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). உள்ளே 2400 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் செலவுக்கு 1800. நீங்கள் 20 மீட்டரில் இருக்கிறீர்கள், மூன்று வளிமண்டலம். அமைதியாக மிதப்பவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுவாசித்தால், அங்கே 45 லிட்டர் போகும். 40 நிமிடம் வரும். அதே ஆள் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படித்து, சுவாசம் 45 லிட்டருக்கு ஏறினால், அங்கே 135 லிட்டர். 13 நிமிடத்தில் முடிந்துவிடும். சிலிண்டர் அதேதான், கடலும் அதேதான்.

நீரில் வேகத்தை இருமடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதற்குச் செலவாகும் ஆற்றல் எட்டு மடங்காகும். வலுவுள்ளவர்கள் நீரை வெல்லப் பார்க்கிறார்கள். தசை பெரிதாக இருந்தால் ஆக்சிஜனும் அதிகம் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு மாணவர் இருந்தார். குளத்தில் என்னைவிட வேகமாக நீந்துவார். 18 மீட்டரில் நீரோட்டம் திரும்பியது. பாறையைப் பிடித்துக்கொள் என்று நான் கை காட்டுவதற்குள் படகுக் கயிற்றை நோக்கிக் கிளம்பிவிட்டார். அவருடைய காற்றுக்குமிழிகளைப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு கொத்து, இடைவெளி, அடுத்த கொத்து என்று போகும். இப்போது இடைவெளியே இல்லை. ஒரே திரையாக வெள்ளையாய்ப் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்தபோது முகமூடிக்குள் கண் இரண்டும் விரிந்திருந்தன. வாயில் கவ்விக் காற்றை இழுக்கும் ரெகுலேட்டரைப் பிடுங்கி எறியக் கை வாய்க்குப் போயிற்று. அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருடைய காற்றழுத்த மானியில் 110 பார் இருந்தது. காற்று தீரவில்லை! காற்று வரவில்லை என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். இருவரும் பாறையைப் பற்றினோம். மூச்சை நீளமாக வெளியே விடு என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடத்தில் திரை மறுபடி கொத்துகளாகப் பிரிந்தது. அதன்பிறகுதான் மேலே கிளம்பினோம்.

காற்று இருக்கும்போதே மூச்சு முட்டுவது ஏன் என்பதை மருத்துவர் சொல்லட்டும். என் மாணவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது அது.


நாடிபார்ப்பவர் எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு அம்மா. அந்த மனிதரின் உடம்பில் தேங்கியது கரியமில வாயு.

ஆழத்தில் காற்று கனமாகிறது. கரையில் ஒரு லிட்டர் காற்று 1.3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 30 மீட்டரில் அது 5 கிராமைத் தாண்டும். அடர்ந்த காற்றை ரெகுலேட்டர் வழியாகவும் நம் மூச்சுக்குழாய் வழியாகவும் இழுத்துத் தள்ளுவதே உழைப்பு. 30 மீட்டரில் ஒருவரால் அதிகபட்சமாக எவ்வளவு காற்றை உள்ளே வெளியே தள்ள முடியுமோ, அது கரையில் முடிந்ததில் ஏறக்குறைய பாதிதான். கால்கள் கரையில் உழைப்பதைப்போலவே உழைக்கும், கரியமில வாயுவை அதே அளவு உண்டாக்கும். வெளியேற்றும் வழியோ பாதியாகச் சுருங்கிவிட்டது. தேங்கிய வாயு மூளையிடம் மூச்சு, மூச்சு என்று கத்துகிறது. மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஆகிறது. அப்படிச் சுவாசித்தால் காற்று தொண்டையோடு திரும்பிவிடும். வாயு இன்னும் தேங்கும். அதோடு கரியமில வாயு கூடினால் நைட்ரஜன் மயக்கமும் (ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற நிலை) கூடும். ஒருவர் நிதானம் இழக்க இதைவிட என்ன வேண்டும்?

கல்தூண், வலுவான கால்கள் இந்த வலையில் விரைவாக விழவைக்கும். ஓடும் பாதையில் உங்களைக் காப்பாற்றுவது நின்று இளைப்பாறலாம் என்ற வசதி. நீருக்குள்ளும் அந்த வசதி உண்டு, பயன்படுத்தத் தெரிய வேண்டும். நில்லுங்கள், எதையாவது பற்றுங்கள், மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள்.

கொழுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது மெய்தான். ஆனால் கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு; மெதுவாக நிரம்பி மெதுவாகக் காலியாகும். ஒற்றை முக்குளிப்பைவிட, நாளுக்கு மூன்று நான்கு என்று பல நாள் தொடர்ந்து இறங்கும்போது அது முக்கியமாகிறது. கொழுப்புக் குறைவு என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


கல்தூண் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பிடுங்கி எறியக் கை போன அந்த இடத்தைப் படித்தபோது எனக்கே ஒருமுறை 26 மீட்டரில் அப்படித் தோன்றியது நினைவுக்கு வந்தது. பயம் என்று எண்ணி வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

அப்படியானால் முந்தின நாள் பயிற்சி? அதுவும் கூடாதா?


நாடிபார்ப்பவர் எழுதியது:

அங்கேதான் வியப்பான செய்தி இருக்கிறது. நெடுங்காலமாக, முக்குளிப்பதற்கு முன் பயிற்சி செய்தால் குமிழி கூடும் என்றே கருதிவந்தோம். நார்வேயின் டிரோன்ஹைம் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். முக்குளிப்பு அழுத்தத்துக்கு 20 மணி நேரம் முன் ஓடவிட்ட எலிகளில் குமிழிகள் வெகுவாகக் குறைந்தன, உயிர் பிழைத்தவையும் அதிகம். 2004இல் மனிதர்களிடம் செய்து பார்த்தார்கள். 12 பேர். அழுத்த அறையில் 18 மீட்டருக்கு இணையான அழுத்தத்தில் 80 நிமிடம். 24 மணி நேரம் முன்னதாக, 3 நிமிடம் கடுமையாகவும் 2 நிமிடம் மெதுவாகவும் மாறிமாறி மொத்தம் 40 நிமிடம் ஓடச் செய்தார்கள். ஓடிவிட்டு வந்தபோது இதயத்தில் தெரிந்த குமிழிகள், ஓடாமல் வந்தபோது தெரிந்ததைவிடக் குறைவு.

ஏன் என்பதற்கு, இரத்தக்குழாயின் உள்சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், குமிழிக்கு வித்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்வாயுக்கருக்கள் பயிற்சியால் அகற்றப்படலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அளந்தது குமிழியை, நோயை அல்ல. ஆகவே, நேற்று ஓடினேன், இன்று வரம்பைத் தாண்டலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் நோயாளிகளிடம் நான் சொல்வது: கடும் பயிற்சியை முந்தின நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். முக்குளித்த பிறகு ஒரு நாள் முழுக்க அதைத் தொடாதீர்கள். நடக்கலாம். மாடி ஏறலாம், மூச்சு வாங்காத அளவுக்கு.


நுரைப்பூ எழுதியது:

சரி, ஆறு நாள் தொடர்ந்து முக்குளிப்பவர் என்ன செய்வார்? முந்தின நாளும் முக்குளிப்பு நாள்தானே, பிந்தின நாளும் அதுதானே?


ஆழிமகள் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த ஆறு நாளும் கடும் பயிற்சி கிடையாது. ஆறு நாளில் பத்தாண்டு உடல்வலு கரைந்துவிடாது. இடையில் ஒரு நாள் நீரில் இறங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அன்று மாலை வேண்டுமானால் நிதானமாக நடக்கலாம்.

கரைவிளிம்பு தம்பிபோல் தினமும் ஓடிப் பழகியவர்களுக்கு இது கடினம். எனக்குத் தெரியும், நானும் ஓடியவள்தான்.

உழைப்பு ஓட்டத்தில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். முதுகில் முழு உபகரணத்தோடு, ஆடும் படகின் ஏணியில் ஏறுவதைவிடக் கடும் பயிற்சி எது? 12 லிட்டர் சிலிண்டரில் அடைத்த காற்று மட்டுமே ஏறக்குறைய 3 கிலோ, அது தீர்ந்திருக்கும். எஃகு தீராது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப்பட்டையும் தீராது. என் மாணவர்கள் முதலில் எடைப்பட்டையைக் கழற்றி மேலே கொடுப்பார்கள், பிறகு மிதவைச் சட்டையை, அதன்பிறகு கைவீசி ஏறுவார்கள். வயதானவர் மட்டுமல்ல, எல்லாரும். படகில் நங்கூரம் இழுக்க ஆள் தேவைப்பட்டால் அன்று நீரில் இறங்காதவர் இழுக்கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கும் வேலை அது. மருத்துவர் சொன்ன கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவுடன் கொதிக்கக் கொதிக்க நீரில் குளிப்பதையும் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.


வலம்புரி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயது 58. இரத்தக் கொதிப்புக்கு ஐந்து ஆண்டாக மாத்திரை. கட்டுக்குள் இருக்கிறது. முப்பது வயதில் கற்றுக்கொண்டது; பிள்ளைகள் வளரும் வரை விட்டுவிட்டேன். இப்போது மறுபடி ஆசை. நான் ஓடுகிறவளும் அல்ல, பளு தூக்குகிறவளும் அல்ல. இளைஞர்கள் அதிகம் செய்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். குறைவாகச் செய்கிற எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர்.


நாடிபார்ப்பவர் எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது அம்மா. இதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

அழுத்தநீக்க நோயைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களின் உயிரைப் பறிப்பதில் அதன் பங்கு சிறியது. 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 மரணங்களை ஆராய்ந்த ஆய்வில், உயிரைக் குடித்த பாதிப்பு என்ன என்று பார்த்தார்கள். மூச்சுத்திணறல், தமனியில் காற்றடைப்பு, இதயக் கோளாறு ஆகிய மூன்றுமே முன்னே நின்றன. காரணத்தைத் தீர்மானிக்க முடிந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதயம் தொடர்பானது.

கழுத்தளவு நீரில் இறங்கிய மாத்திரத்தில், கால்களில் தங்கியிருந்த இரத்தம் சுமார் 700 மில்லிலிட்டர் நெஞ்சுக்கு இடம்பெயர்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும். இதயம் அதையெல்லாம் வாங்கித் தள்ள வேண்டும். நல்ல இதயம் முணுமுணுக்காமல் செய்யும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு, அதிலும் குளிர்நீரில் கடுமையாக நீந்தினால், நுரையீரலில் நீர் கசியும் ஆபத்து இருக்கிறது. இரும ஆரம்பிப்பார்கள். மூச்சு வாங்கும். நுரை கலந்த, சில நேரம் இளஞ்சிவப்பான சளி வரும். ஆழத்துக்குப் போனதால் வருவதில்லை. சில மீட்டரிலும் வரும், மேற்பரப்பில் நீந்தும்போதும் வரும். வந்தால் முக்குளிப்பை முடித்து மேலே வந்து, நீரைவிட்டு வெளியேறி, நிமிர்ந்து உட்கார்ந்து ஆக்சிஜன் எடுக்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம்.

உங்கள் மாத்திரையின் பெயரை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால், அவசரத்தில் இதயம் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதை அது மட்டுப்படுத்தும். அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு உடல்திறன் போதும்? 2020இல் புதுப்பிக்கப்பட்டு உலகெங்கும் பயிற்சி அமைப்புகள் பயன்படுத்தும் மருத்துவக் கேள்வித்தாளில் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்கவோ, 200 மீட்டரை இளைப்பாறாமல் நீந்தவோ சிரமமாக இருக்கிறதா என்று கேட்கிறது. சிரமம் என்றால் மருத்துவர் பார்த்த பிறகே முக்குளிக்கலாம். 14 நிமிடம் என்பது உலாவும் நடை அல்ல அம்மா. கையை வீசி நடக்க வேண்டும்.

அமைதியான கடலில் இவ்வளவு திறன்கூடத் தேவைப்படாது. துணையாக வந்தவரை இழுத்துக்கொண்டு நீந்த வேண்டிய அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.


வலம்புரி எழுதியது:

நன்றி டாக்டர். நாளைக் காலை கடிகாரத்தோடு நடந்து பார்க்கிறேன்.


ஆழிமகள் எழுதியது:

நடையோடு நீச்சலும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. குளத்தில் காலில் துடுப்பு மாட்டி, முகமூடியும் மூச்சுவிடும் குழாயான ஸ்நார்க்கலும் போட்டு, வாரம் மூன்று நாள் 20 நிமிடம். வேகம் வேண்டாம். இடுப்பிலிருந்து கால் அசைய வேண்டும், முழங்காலிலிருந்து அல்ல. முதல் வாரம் கெண்டைக்காலில் தசை பிடிக்கும். துடுப்பின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள், விட்டுவிடும். இது குளத்தில் பழகினால் கடலில் பிடிக்கும்போது பதறமாட்டீர்கள். நாற்பது வயதுக்காரர்களைவிட நன்றாக முக்குளிக்கும் 65 வயதுப் பெண்மணியை எனக்குத் தெரியும். அவர் செய்வது இவ்வளவுதான், ஆனால் விடாமல் செய்கிறார்.


கரைவிளிம்பு எழுதியது:

பயணம் முடிந்து வந்து எழுதுகிறேன். ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

மருத்துவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சட்டைக் கை உட்பட. அந்த இரவே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அழுத்த அறையில் 18 மீட்டருக்கு இணையான அழுத்தத்தில் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வைத்திருப்போம் என்றார். இதயத்துக்கு மீயொலிச் சோதனை எழுதிக் கொடுத்தார். மேலறைகளுக்கு இடையே சிறு வழி இருக்கிறது. பெரிதல்ல. அடைக்கத் தேவையில்லை, ஆனால் குமிழி உருவாக இடம் கொடுக்காமல் முக்குளிக்க வேண்டும் என்றார். ஆழம் 18 மீட்டருக்குள், ஆக்சிஜன் கூட்டிய காற்றைச் சுவாசித்தாலும் கணினியைச் சாதாரணக் காற்றுக் கணக்கிலேயே வைப்பது, நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், முக்குளித்த பிறகு பளு வேண்டாம், ஓட்டம் வேண்டாம். நான்கில் ஒருவர் என்று டாக்டர் இங்கே எழுதியபோது அந்த ஒருவன் நானாக இருப்பேன் என்று தோன்றவே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை ஓடினேன். பிறகு ஆறு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் மாலை கால் பரபரத்தது உண்மை. கரையோரமாக நண்பரோடு நடந்தேன், பேச மூச்சு மிச்சம் இருக்கும் வேகத்தில். ஏணியில் ஏறும்போது எடைப்பட்டையை முதலில் மேலே நீட்டினேன். வாங்கியவர் என் உடம்பைப் பார்த்துவிட்டு, உங்களுக்குமா என்று கேட்டார். ஆமாம், எனக்கும்தான் என்றேன்.

வலி ஏதும் இல்லை. நண்பரும் சோதனை செய்துகொள்ளப் போகிறார்.


வலம்புரி எழுதியது:

தம்பி, நல்ல செய்தி. சோதனை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என் கணக்கு: முதல் நாள் 1.6 கிலோமீட்டருக்கு 19 நிமிடம் 10 விநாடி. இன்று காலை 14 நிமிடம் 35. ஆழிமகள், கெண்டைக்கால் நீங்கள் சொன்னபடியே பிடித்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன், விட்டது. இன்னும் 35 விநாடி இருக்கிறது. வியாழக்கிழமை உடற்திறன் சோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துப்போகிறேன்.